பேர் வாங்கிய மீன்

பௌர்ணமி கழிந்த மறுநாள் இரவு, மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளித் தோணியில் இருந்தோம். தோணிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துடுப்பின் அகன்ற பக்கத்தை வாவிக்குள் இறக்கினார். பிடியை என் காதோடு ஒட்டிவைத்தார். "அசையாதீங்க அண்ணன். மூச்சையும் மெல்ல விடுங்க" என்றார். முதலில் என் இரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு, மிகக் கீழே, யாரோ தம்புராவின் ஒரே நரம்பை விட்டுவிட்டு மீட்டுவதுபோல ஒரு முனகல். பாலத்தில் ஒரு லொறி போனது. முனகல் காணாமற் போயிற்று.

"மீன்தானே?" என்று கேட்டேன்.

"அப்பிடித்தான் சொல்றாங்க" என்றார் அவர். "எங்கட அப்பா ஊரி எண்டுதான் சொல்லுவார்."

அந்த ஒரு வரியில் நூற்றெழுபது ஆண்டுக்கும் மேலான வழக்கு ஒன்று இருக்கிறது. 1848 செப்டெம்பரில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். இரவில் வள்ளமேறி இதே வாவியில் இதே ஒலியைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருவதுபோன்ற ஒலி என்று பின்னாளில் எழுதினார். பாடுவது எது என்று மீனவர்களை விசாரித்தபோது அவர்கள் கொண்டுவந்து காட்டியது ஊரியை. சேற்றில் ஊரும் சிறு நத்தைவகை. ஒரு நூற்றாண்டு கழித்து, புனித மிக்கேல் கல்லூரியின் இயேசு சபைக் குருமார் அந்த ஒலியைப் பதிவுசெய்தார்கள். அதற்குள் ஊருக்குப் பட்டம் கட்டியாகிவிட்டது: மீன்பாடும் தேன்நாடு. ஊரிபாடும் நாடு என்று யாரும் சொல்லவில்லை. ஊரிக்கு ஒரு சிலை கூட இல்லை.

மீனுக்கும் நியாயமுண்டு. இதே வாவியில் கிடைக்கும் கீச்சானைத் தூண்டிலில் தூக்கினால், பேருக்கு ஏற்றபடி கீச்சிடும். பல மீன்கள் காற்றுப்பையை ஒட்டிய தசையை வேகமாக அதிரவைத்து ஒலி எழுப்பும். 1980-களில் அமெரிக்காவின் சோசலிட்டோ நகரில் படகுவீடுகளில் வாழ்ந்தவர்கள் கோடைகால இரவுகளில் ஓயாத இரைச்சல் கேட்டுத் தூங்க முடியாமல் தவித்தார்கள். கழிவுநீர்க் குழாயின் பம்பு என்றார்கள், இராணுவத்தின் இரகசிய வேலை என்றார்கள். கடைசியில் அது தேரைமீன் இனத்து ஆண்கள் பெண்களைக் கூப்பிடும் குரல் என்று தெரியவந்தது. மீனைத் தொட்டியில் விட்டுக் கேட்டார்கள், அந்தக் குரல்தான். பேச்சு அதோடு முடிந்தது. மட்டக்களப்பில் அந்தத் தொட்டிப் பரிசோதனை நடக்காமலே பரிசு கொடுத்தாயிற்று.

இதை இவ்வளவு தூரம் நான் நினைத்ததற்குக் காரணம் மறுநாள் காலையில் பார்த்த ஒரு சுவர்.

நான் தங்கியிருந்தது வாவிக்கரையில் ஆறு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி. வரவேற்பறைச் சுவரில் வரிசையாகச் சான்றிதழ்கள். எல்லாம் பயணத் தளங்கள் கொடுத்த விருதுகள். நடத்துகிற அக்கா பிட்டும் தயிரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"இந்தா இரிக்கே, இது போன வருசம் வந்தது. மறுகா அது அதுக்கு முந்தினது."

"நல்ல விசயம்தானே அக்கா."

"நல்லதுதான் தம்பி. ஆனா விருது தாறவங்களும் கொமிசன் எடுக்கிறவங்களும் ஒரே ஆக்கள். அதான் எனக்குச் சிரிப்பு."

அக்கா சிரிப்போடு விட்டதை நான் ஒரு வாரம் விடாமல் யோசித்தேன். உலகெங்கும் பொருளியலாளரும் புள்ளிவிபரக்காரரும் இதே முடிச்சைத்தான் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்தக் கொமிசன் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையத்தில் இறங்கும் பயணியை ஒரு ஓட்டோக்காரர் விடுதிக்குக் கூட்டிவருகிறார். விடுதி அவர் கையில் ஐந்நூறு ரூபாய் வைக்கிறது. அஃபிலியேட் சந்தைப்படுத்தல் என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது இதேதான், ஓட்டோவுக்குப் பதில் இணையம். ஒருவர் தன் தளத்திலோ காணொளியிலோ ஒரு பொருளைப் பற்றிச் சொல்லி இணைப்புக் கொடுக்கிறார். அந்த இணைப்பு வழியாகப் போனவர் வாங்கினால் சொன்னவருக்குக் கூலி. அமேசன் தன் அஃபிலியேட் திட்டத்தை 1996-இல் தொடங்கியது. இன்று கைப்பேசி, காலணி, கடன் அட்டை, சூதாட்டம் எல்லாம் இந்த வழியில் விற்கப்படுகின்றன. பாசிக்குடாக் கடற்கரை அறைகளும் அதில் அடக்கம்.

வளர்ந்த எந்தத் தொழிலுக்கும் போல இதற்கும் விருது விழாக்கள் வந்துவிட்டன. மாநாட்டு மண்டபம், இராப்போசன மேசை, மேடை, கண்ணாடிக் கேடயம். சிறந்த அஃபிலியேட், சிறந்த வலையமைப்பு, சிறந்த புதுமுகம். பல விழாக்களில் போட்டியிடுபவரே விண்ணப்பம் எழுதிக் கட்டணமும் கட்டுகிறார். மேசைக்குத் தனிக் காசு. மேடைக்குப் பின்னால் தொங்கும் அனுசரணையாளர் பதாகையில் இருக்கும் நிறுவனம் பரிசுப் பட்டியலிலும் இருக்கலாம். இது அந்தத் தொழிலுக்கு மட்டும் உரிய நோயென்று சொல்லமாட்டேன். நம்மூர்ப் பொன்னாடைகளில் பாதிக்கு இதே கதைதான்.

காசு கட்டி வாங்குகிற பரிசு எவ்வளவு தூரம் போகும் என்று ஒருவர் அளந்து பார்த்தார். 2008-இல் ரொபின் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க எழுத்தாளர் இத்தாலியின் மிலான் நகரில் ஓர் உணவகத்தைத் தொடங்கினார். காகிதத்தில் மட்டும். சமையலறையும் கிடையாது, கதவும் கிடையாது. 'வைன் ஸ்பெக்டேட்டர்' சஞ்சிகை உணவகங்களின் வைன் பட்டியலுக்குக் கொடுக்கும் விருதுக்கு விண்ணப்பித்தார். கட்டணம் 250 டொலர். விலையுயர்ந்த வைன்கள் என்று அவர் அனுப்பிய பட்டியலில், அதே சஞ்சிகை முன்பு மிகக் குறைந்த புள்ளி கொடுத்து ஒதுக்கியவற்றைத் தேடியெடுத்துச் சேர்த்திருந்தார். இல்லாத உணவகத்துக்கு விருது கிடைத்தது.

பயணத் தளங்களின் விருதில் விண்ணப்பமும் கட்டணமும் இல்லை, அது உண்மை. விருந்தினர் இட்ட புள்ளிகளே நடுவர். புக்கிங் டொட் கொம் ஆண்டுதோறும் கொடுக்கும் விருதுக்குப் பத்துக்கு எட்டுப் புள்ளியாவது வேண்டும். அப்படியும் உலகெங்கும் ஒரே ஆண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தங்குமிடங்கள் அதைப் பெற்றிருக்கின்றன. எயார்பிஎன்பி தளத்தை 2015-இல் ஆராய்ந்த பொஸ்டன் பல்கலைக்கழகத்தினர், ஏறக்குறைய 95 சதவீத வீடுகளுக்கு ஐந்துக்கு நாலரை அல்லது ஐந்து நட்சத்திரம் இருப்பதைக் கண்டார்கள். வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைக்கும் முதற்பரிசு கொடுத்தால் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரியவராது. தளத்துக்கு மட்டும் இலாபம் உண்டு. பத்து இலட்சம் வரவேற்பறைகளில் அதன் பெயர் செலவில்லாமல் தொங்குகிறது. அக்காவின் சிரிப்புக்குப் பாதிப் பொருள் இது.

மீதிப் பாதி இன்னும் ஆழமானது. விருந்தினரைக் கொண்டுவந்தது யார்?

இணையத்தில் இதற்குப் பதில் சொல்வது 'குக்கி'. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கிய சின்னஞ்சிறு குறிப்பு அது. நீங்கள் ஓர் இணைப்பை அழுத்தும்போது, "இவரை அனுப்பியவர் இன்னார்" என்று உங்கள் உலாவியில் எழுதி வைக்கப்படுகிறது. வாங்கும் நேரத்தில் கடை அந்தக் குறிப்பைப் படித்துக் கூலி கொடுக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டவர் அனுப்பியிருந்தால்? பெரும்பாலான திட்டங்களில் கடைசியாக எழுதியவருக்கே முழுக் கூலி. பயணியை விமான நிலையத்திலிருந்து எட்டு மணித்தியாலம் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்தவர் ஒருவர், விடுதி வாசலில் கதவைத் திறந்து விட்டவர் இன்னொருவர். காசு கதவு திறந்தவருக்கு.

இந்த விதி இருக்கும் இடத்தில் கெட்டிக்காரர் என்ன செய்வார்? வாசலில் நிற்பார். அவரைவிடக் கெட்டிக்காரர், வாசலுக்கும் வராமலே வந்ததாக எழுதிவிடுவார். ஷோன் ஹோகன் என்ற அமெரிக்கர் ஈபே நிறுவனத்தின் அஃபிலியேட் திட்டத்தில் முதலிடம் பிடித்தவர். அந்தத் திட்டத்தில் அவர் பெற்ற கூலி ஏறக்குறைய 2 கோடி 80 இலட்சம் டொலர். இரண்டாம் இடம் பிரையன் டனிங், 50 இலட்சம் டொலருக்கும் மேல். இருவரும் செய்தது ஏறக்குறைய ஒரே வித்தை. தங்கள் நிரல் பதிந்த பக்கங்களை யாராவது திறந்தால், கண்ணுக்குத் தெரியாமல் ஈபேயின் குக்கி அவர் கணினியில் விழும். அவர் ஈபே விளம்பரம் எதையும் பார்த்திருக்கமாட்டார், எதையும் அழுத்தியிருக்கமாட்டார். பிறகொரு நாள் தன்பாட்டில் ஈபேக்குப் போய் ஏதாவது வாங்கினால், கூலி இவர்களுக்கு. 2007-இல் எஃப்பிஐ கதவைத் தட்டியது. வழக்கு நீண்டு, 2014-இல் ஹோகனுக்கு ஐந்து மாதமும் டனிங்குக்குப் பதினைந்து மாதமும் சிறை.

இதில் கவனிக்க வேண்டியது திருட்டு அன்று. பிடிபடும் முன்பு, எந்த நேர்மையான நடுவர் குழு எண்களை மட்டும் வைத்துச் சிறந்த அஃபிலியேட் யார் என்று கேட்டிருந்தாலும், முதற்பரிசும் இரண்டாம் பரிசும் இவர்களுக்கே போயிருக்கும். நடுவர் ஒருவரும் கைநீட்டி வாங்கியிருக்கத் தேவையில்லை. அளவுகோலே களவாடப்பட்டிருந்தது.

சரி, வேறென்ன அளவுகோல் இருக்கிறது? இங்கேதான் ஓர் அழகான கணக்கு வருகிறது.

நாவலடி, பாலமீன்மடுப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிற்று நுனியிலும் ஆட்கள். மீன் கரைக்கு வந்ததும் பங்கு பிரிப்பார்கள். வலைக்கு, தோணிக்கு, இழுத்தவர்களுக்கு என்று ஒரு கணக்கு, ஊருக்கு ஊர் சிறிது மாறும். வலையின் மடியைக் கடைசியாகத் தொட்டவனுக்கே முழுமீனும் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே அடிபிடி. ஆனால் ஆளாளுக்குச் சரியான பங்கு எவ்வளவு? 1953-இல் லொயிட் ஷாப்லி என்ற கணித மேதை இதற்கு ஒரு விடையை வெளியிட்டார். 2012-இல் அவருக்கு, வேறோர் ஆய்வுக்காக, பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஷாப்லி கேட்டது ஒரே கேள்வி. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சேர்ந்ததும் பலன் எவ்வளவு கூடியது? அவர் முதலில் வந்தால் ஒரு தொகை, கடைசியில் வந்தால் வேறொரு தொகை. ஆகவே வரக்கூடிய எல்லா வரிசையையும் எழுதி, ஒவ்வொன்றிலும் அவர் கூட்டியதைச் சேர்த்து, சராசரி எடு. அதுவே அவர் பங்கு.

நம் விடுதிக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. மூன்று பேர் இருக்கிறார்கள். வாவியைப் படம்பிடித்துக் காணொளி போடும் கல்லடிப் பையன் ஒருவன். அறை, விலை, வழி எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவைத்த பயணத் தளம் ஒன்று. பணம் கட்டும் கடைசி நிமிடத்தில் கண்ணில் படும் தள்ளுபடிக் கூப்பன் தளம் ஒன்று. பையன் மட்டும் இருந்தால் மாதம் 6 குடும்பங்கள் வரும். பயணத் தளம் மட்டும் என்றால் 3. கூப்பன் தளம் மட்டும் என்றால் ஒன்றுமில்லை, போக ஆசைப்படாதவன் கூப்பன் தேடமாட்டான். பையனும் பயணத் தளமும் சேர்ந்தால் 15. மூவரும் சேர்ந்தால் 18. இருவரில் ஒருவரோடு மட்டும் கூப்பன் தளம் சேர்ந்தால் எதுவும் கூடாது.

கடைசிச் சொடுக்கு விதியில், பதினெட்டுக் குடும்பமும் கூப்பனை அழுத்திவிட்டே வந்திருந்தால், பதினெட்டின் கூலியும் கூப்பன் தளத்துக்கு. விருது விழாவில் மேடையேறுவதும் அதுவே. ஷாப்லியின் கணக்கில் மூவர் வந்துசேர ஆறு வரிசைகள். ஒரு தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், கூட்டலும் ஆறால் வகுத்தலும் மட்டும்தான். பையனுக்கு 10. பயணத் தளத்துக்கு 7. கூப்பன் தளத்துக்கு 1. மொத்தம் 18, மிச்சம் மீதி இல்லாமல்.

நான் முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது அந்த 'மிச்சம் மீதி இல்லாமல்' என்ற இடத்தில் சற்று நேரம் அப்படியே இருந்தேன். பங்குகள் மொத்தத்துக்குச் சரியாகக் கூட வேண்டும், ஒன்றும் கூட்டாதவருக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாது, ஒரே அளவு கூட்டியவர்களுக்கு ஒரே பங்கு, இரண்டு வேலையின் கூலியைத் தனித்தனியே கணக்கிட்டாலும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஒரே விடை. இந்த நான்கையும் நிறைவேற்றும் பங்கீடு ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று ஷாப்லி நிறுவினார். நியாயம் என்பது அவரவர் அபிப்பிராயம் என்று சொல்லிப் பழகிய நமக்கு, அதற்கொரு தனித்த விடை இருப்பது வியப்புத்தான். கூகிள் தன் விளம்பர அளவீட்டுக் கருவியில் இந்த முறையைத் தழுவியிருக்கிறது. தழுவாதவர்கள்தான் ஏராளம்.

ஒரு சிக்கல் உண்டு. 'பையன் மட்டும் இருந்தால் 6' என்பது எப்படித் தெரியும்? மற்றவர்களை வாயடைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2012-இல் ஈபேயின் பொருளியலாளர்கள் டொம் பிளேக், கிறிஸ் நொஸ்கோ, ஸ்டீவ் டடெலிஸ் மூவரும் அதைச் செய்தார்கள். 'ஈபே' என்று தேடுபவருக்கு ஈபேயின் விளம்பரமே முதலில் தெரியும்படி அந்த நிறுவனம் காசு கொடுத்து வந்தது. கணக்கேட்டில் அந்த விளம்பரம் ஆயிரமாயிரம் வாடிக்கையாளரைக் கொண்டுவந்த வீரன். சில தேடுபொறிகளில் அதை நிறுத்தினார்கள். விளம்பரம் வழியாக வந்திருக்கக்கூடியவரில் 99.5 சதவீதம் பேர் அதற்குக் கீழே இருந்த இலவச இணைப்பை அழுத்தி வந்துசேர்ந்தார்கள். வீரன் இத்தனை நாளும் திறந்தே கிடந்த கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

எண்களை விட்டுவிட்டு அனுபவசாலிகளை நடுவராக வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ரொபர்ட் ஹொட்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் இதைச் சோதித்தார். கடலியல் படித்தவர், கலிபோர்னியாவில் சிறிய வைன் ஆலையும் வைத்திருந்தார். தன் வைன் ஒரு போட்டியில் தங்கம் வாங்குவதும் அடுத்ததில் வெறுங்கையோடு திரும்புவதும் அவருக்குப் புரியவில்லை. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் 2005 முதல், நடுவர்களுக்குத் தெரியாமல், ஒரே போத்தலிலிருந்து ஒரே வைனை மூன்று முறை ஊற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரே மாதிரித் தீர்ப்புச் சொன்ன நடுவர் பத்தில் ஒருவர்தான். அடுத்த ஆண்டு சோதித்தால் அந்த ஒருவரும் மாறிவிடுவார். பின்னர் அமெரிக்காவின் பதின்மூன்று போட்டிகளின் முடிவுகளை ஒப்பிட்டார். ஓரிடத்தில் தங்கம் வாங்கிய வைன்களில் 84 சதவீதம் வேறோரிடத்தில் எந்தப் பரிசும் பெறவில்லை.

நாக்கு அப்படி, காது? பிரசெல்ஸில் நடக்கும் எலிசபெத் அரசி பியானோப் போட்டியின் இறுதிச் சுற்றில் பன்னிரண்டு பேர். ஓர் இரவுக்கு இருவராக ஆறு இரவுகள் வாசிப்பார்கள். யார் எந்த இரவு என்பது திருவுளச் சீட்டு. விக்டர் கின்ஸ்பேர்க், யான் வான் ஊர்ஸ் என்ற இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பிந்திய இரவுகளில் வாசித்தவர்கள் உயர்ந்த இடம் பெறுவது காட்டப்பட்டது. அதோடு நின்றால் பரவாயில்லை. சீட்டின் புண்ணியத்தில் உயர்ந்த இடம் பெற்றவர்கள் பிற்காலத்திலும் மேலான வாழ்வு பெற்றார்கள். பரிசு திறமையைக் கண்டுபிடித்ததா, உண்டாக்கியதா?

மக்கள் வாக்கெடுப்பு என்றாலும் தப்பமுடியாது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2006-இல், அறியப்படாத 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,341 பேரைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துக் கேட்கவைத்தார்கள். எட்டுக் குழுக்களில், தன் குழுவில் முன்பு எத்தனை பேர் எந்தப் பாட்டை இறக்கிக்கொண்டார்கள் என்பதை ஒருவர் பார்க்கலாம். அந்த எட்டுக் குழுவிலும் எட்டு வெவ்வேறு வெற்றிப் பட்டியல். ஒரே பாட்டு ஒரு குழுவில் முதலாம் இடம், இன்னொன்றில் நாற்பதாம் இடம். மோசமான பாட்டு அரிதாகத்தான் வென்றது, சிறந்த பாட்டு அரிதாகத்தான் அடியோடு தோற்றது. இடைப்பட்ட பெருங்கூட்டத்தில் வெற்றி என்பது யாருக்கு முதல் பத்து வாக்கு விழுந்தது என்பதைப் பொறுத்தது. பேஸ்புக்கில் 'எனக்கு வாக்களியுங்கள்' என்று சொந்தக்காரர் அனைவருக்கும் அனுப்புகிறவருக்கு இது ஆய்வு படிக்காமலே தெரியும்.

நடுவர் பெயரை மறைத்தால் நெருக்குதல் குறையும் என்றொரு நம்பிக்கை உண்டு. 2002 சோல்ட் லேக் சிற்றி குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தரைச் சறுக்கலின் சோடிப் போட்டி நடுவர் ஒருவர் நெருக்குதலுக்குப் பணிந்ததாக வந்த குற்றச்சாட்டால், இரண்டாவது சோடிக்கும் தங்கம் கொடுக்க வேண்டிவந்தது. அதன்பின் எந்த நடுவர் எந்தப் புள்ளி போட்டார் என்பதை மறைத்தார்கள். எரிக் சிட்செவிட்ஸ் என்ற பொருளியலாளர் முன்னும் பின்னும் ஒப்பிட்டார். சொந்த நாட்டுக்காரருக்குச் சாய்வது குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. 2016-இல் மறைப்பை எடுத்துவிட்டார்கள்.

அஃபிலியேட் தொழிலிலேயே செய்த ஓர் ஆய்வு எனக்கு இவை எல்லாவற்றிலும் பயனுள்ளதாகப் படுகிறது. பென் எடெல்மன், வெஸ்லி பிராண்டி இருவரும் 2015-இல் வெளியிட்டது. ஏமாற்றுக்கார அஃபிலியேட்டுகளைப் பிடிப்பதில் யார் கெட்டிக்காரர், நிறுவனத்தின் சொந்த ஊழியரா, வெளியார் நிபுணரா என்று பார்த்தார்கள். பச்சையான களவைப் பிடிப்பதில் வெளியார் மேல். களவும் இல்லாத, ஒழுங்கும் இல்லாத சாம்பல்நிற வேலைகளைக் கண்டு ஒதுக்குவதில் சொந்த ஊழியர் மேல். ஆகவே அந்தத் தொழிலின் மேடைகளில் இரண்டு வகையாரும் இருக்கவேண்டும், அவரவர் யாரிடம் காசு வாங்குகிறார்கள் என்பதும் பெயருக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டும். இன்றைக்கு நடக்கும் விழாக்களில் அரைவாசி இந்தச் சோதனையில் தேறாது என்பது என் கணிப்பு. கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் கேடயத்துக்கு விருது என்று பேர் வைப்பதைவிட விளம்பரம் என்று வைப்பது நேர்மை.

புறப்படும் நாளன்று அக்காவிடம் ஷாப்லியின் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "அந்தப் பொடியனுக்கு நான் இதுவரைக்கும் ஒரு சதமும் குடுக்கல்லியே" என்றார். அடுத்த முறை அவன் படம்பிடிக்க வந்தால் சாப்பாட்டுக்குக் காசு எடுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானம் ஆயிற்று. சுவரிலிருந்த சான்றிதழ்களை அவர் கழற்றவில்லை. கழற்றினால் சுவரில் வெளிறிய சதுரங்கள் தெரியுமாம்.

வாவி வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. 1924-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013-இல் புதுப்பாலம் வந்தபிறகு போக்குவரத்தின் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. ஒலி முன்போல் கேட்பதில்லை என்று தோணிக்காரர்கள் சொல்கிறார்கள். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை முதல் புரட்டாதி வரை வாவி அமைதியாக இருக்கும். நீரடி ஒலிவாங்கி ஒன்று, கண்ணாடித் தொட்டி இரண்டு. ஒன்றில் ஊரியை விடுங்கள், மற்றதில் கீச்சானை விடுங்கள். பௌர்ணமி இரவில் காது கொடுத்துக் கேளுங்கள். தோணிக் கூலியை நான் தருகிறேன்.